வெயிலில் வைத்த வயது

என் தம்பிக்கு எழுபத்தாறு வயது என்று ஒரு தாளில் அச்சடித்து, உறையில் போட்டு ஒட்டி, அவன் கையிலேயே கொடுத்தார்கள். அவனுக்கு நாற்பத்தேழு. அவன் பிறந்தபோது எனக்கு ஐந்து வயது. துணியில் சுற்றி என் மடியில் கிடத்திவிட்டு, "கழுத்தப் பிடி, கழுத்தப் பிடி" என்று அம்மா கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அக்காவைவிட இருபத்துநாலு வயது மூத்த தம்பி வேறு யாருக்காவது இருக்கிறானா என்று தெரியவில்லை.

முதல் நாள் நானும் சிரித்தேன். சிரித்ததற்காக இன்றுவரை என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த எண்ணை அளந்த கை என்னுடையது. அளப்பதற்காக அவன் தொடையைக் கேட்டு வாங்கியதும் நான்தான்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்ந்த ஆராய்ச்சிக்கூடத்தில் நான் டெக்னீஷியன். மூன்றாவது மாடி, லிஃப்டிலிருந்து இடது பக்கம் கடைசிக் கதவு. இருபத்தாறு வருஷமாக அந்தக் கதவுக்குப் பின்னால் மனிதச் சதையை வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறேன். என் பெயர் அங்கே யாருக்கும் தேவைப்படுவதில்லை. எல்லாருக்கும் நான் ஐஸக்கா. உடம்பிலிருந்து எடுத்த சதை ஐஸில் இருக்கிறவரை தூங்கும், ஐஸைவிட்டு வெளியே வந்தால் சாகத் தொடங்கும். அதனால் ஐஸ் எங்கே, ஐஸ் எங்கே என்று நாள் முழுக்கக் கத்துவேன். கத்திக் கத்தி வாங்கிய பட்டம்.

என் மெஷினில் விரல்நுனி அளவுக்கு இரண்டு கண்ணாடிக் குழிகள் இருக்கும். நூலைவிட மெல்லிய சதைநாரை அதில் போட்டு மூடினால், அது மூச்சு விடுவதைத் திரையில் பார்க்கலாம். நிஜமாகவே மூச்சுதான். மைட்டோகாண்ட்ரியா என்று பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து மார்க் வாங்கினோமே, அதுதான் செல்லின் அடுப்பு. நாம் தின்றதையும் இழுத்த மூச்சையும் சேர்த்து எரித்து, கையைத் தூக்கவும் படியேறவும் சக்தி கொடுக்கிறது. நார் ஆக்ஸிஜனைத் தின்னத் தின்னத் திரையில் கோடு இறங்கும். விறுவிறுவென்று இறங்கினால் அடுப்பு நன்றாக எரிகிறது என்று அர்த்தம். வயதானவர்களுக்குச் சோம்பலாக இறங்கும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் பல சமயம் அப்படித்தான். ரத்தத்தில் சர்க்கரை வழியும், செல் பட்டினி கிடக்கும். வாசலில் விறகு குவிந்திருக்க, உள்ளே அடுப்பு வெறுமனே புகைகிற வீடு மாதிரி. சர்க்கரை அடுப்பைக் கெடுக்கிறதா, கெட்ட அடுப்பு சர்க்கரையைக் கொண்டுவருகிறதா, இரண்டும் கூட்டுச் சேர்ந்து ஆளைச் சீக்கிரம் கிழவனாக்குகின்றனவா என்று உலகம் முழுக்கப் படித்தவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் பேராசிரியர் உடைத்துக்கொள்ளவில்லை. அவருக்கு ஒரு எண் இருந்தால் போதும். கோடு இறங்குகிற வேகத்தை வயதாக மாற்றுகிற கணக்கு ஒன்றைப் போட்டு, 'செல் வயது' என்று பெயரும் வைத்தார். முதல் சதை அவர் தொடையிலிருந்து எடுத்ததுதான். ஐம்பத்துமூன்று வயதுக்காரர், தினமும் பேட்மின்டன் ஆடுகிறவர். செல் வயது முப்பத்தெட்டு என்று வந்தது. அன்றிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என் வயசு என்னன்னு சொல்லுங்க பாப்போம்" என்பார். அவர்கள் என்ன சொன்னாலும் சிரிப்பார்.

அவரிடம்தான் பஸ் கம்பெனி வந்தது. சர்க்கரை இருக்கிற டிரைவர்களின் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றது. முப்பத்தாறு டிரைவர்கள் வேண்டும். தொடையை மரத்துப்போகச் செய்து, குழாய் மாதிரி ஓர் ஊசியைச் செருகி, பட்டாணி அளவு சதை எடுக்க வேண்டும். யார் கொடுப்பார்கள்? நான் என் தம்பியைப் பிடித்தேன். அந்தக் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக டிரைவர், எட்டு வருஷமாகச் சர்க்கரை. டெப்போவில் அவனுக்கு ஹாரன் என்று பெயர். வண்டியில் ஹாரன் அடிக்கவே மாட்டான், வாயால் அடிப்பான்.

"வலிக்குமாக்கா?"

"எறும்பு கடிச்ச மாதிரிதான்டா."

"நீ சொல்ற எறும்பு என்ன சைஸ்?"

கேலி பேசிக்கொண்டே கொடுத்தான். அவன் கொடுத்ததைப் பார்த்து மற்ற முப்பத்தைந்து பேரும் வந்தார்கள். ஹாரனோட அக்கா இருக்கிற இடம், தப்பு நடக்காது என்று பேசிக்கொண்டார்களாம். டெப்போவிலேயே சதையை எடுத்து, பெட்டிக்கு ஆறு குப்பியாக ஐஸில் வைத்து, வேனில் எங்களுக்கு அனுப்பினார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க, எங்கள் ஆஸ்பத்திரி ஆபீசிலிருந்து சர்க்கரை இல்லாத, அதே வயதுள்ள முப்பத்தாறு குமாஸ்தாக்கள். அவர்களுடைய செல் வயது அவரவர் வயதை ஒட்டியே வந்தது. டிரைவர்களுக்கோ அறுபத்தெட்டு, எழுபத்தொன்று, எழுபத்தொன்பது. பேராசிரியர் இந்த வித்தியாசத்தைக் காட்டுகிற படத்தைப் பெரிதாக அச்சடித்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். எதிர்பார்த்த பதில் வந்துவிட்டால் அதை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கம்பெனி உறைகளைக் கொடுத்த அன்று, டெப்போவில் பரீட்சைத் தாள் மாதிரி ஒருவர் தாளை ஒருவர் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். அறுபத்தெட்டு வாங்கியவன் எழுபத்தாறு வாங்கியவனைத் "தாத்தா" என்று கூப்பிட்டான். அன்றோடு ஹாரன் போய்த் தாத்தா வந்தது. பதினைந்து நாளில் அடுத்த தாள். செல் வயது அறுபதைத் தாண்டியவர்கள், பயணிகளின் பாதுகாப்பைக் கருதி, ஸ்டியரிங்கில் உட்காரக் கூடாது. வண்டி கழுவுகிற இடத்தில் மாற்றுப் பணி. முப்பத்தாறில் முப்பத்தொரு பேர். பத்தொன்பது வருஷம் ஒரு பயணியின் முழங்கைகூடச் சிராய்க்காமல் ஓட்டியவன் கையில் தண்ணீர்க் குழாயைக் கொடுத்தார்கள்.

ஸ்டியரிங் போனதுகூட இரண்டாம்பட்சம். அவன் நடப்பதை நிறுத்திவிட்டான். நான் கீழ்வீடு, அவன் மேல்வீடு. ஐந்து வருஷமாகக் காலை ஐந்தரைக்குப் படியில் தடதடவென்று இறங்கி, என் ஜன்னலை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வருவான். நடக்க நடக்கச் சதைக்குள் புது அடுப்புகள் உண்டாகும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அது உண்மையும்கூட. உறை வந்த மறுநாளிலிருந்து ஜன்னலை யாரும் தட்டவில்லை. மொத்தம் பதினெட்டுப் படி. ஒன்பதாவதில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கக் கற்றுக்கொண்டான். கற்றுக்கொண்டான் என்றுதான் சொல்வேன். அதற்கு முந்தைய நாள்வரை அந்தப் படியில் அவனுக்கு மூச்சு வாங்கியதே கிடையாது.

"அண்ணி, நீங்களாவது சொல்லுங்க," என்றாள் தம்பி மனைவி. "வந்த உடனே படுத்துடறாரு. சுகர் முந்நூத்திப் பத்து. மாத்திரையக் கையில கொடுத்தா, தாத்தாவுக்கு எதுக்கு மாத்திரைங்கறாரு."

ஞாயிற்றுக்கிழமை மேலே போய்ச் சண்டை பிடித்தேன். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"எழுந்திருடா. இப்படியே கெடந்தா என்ன ஆகும்?"

"நடந்தா மட்டும் என்ன ஆகும்? உள்ள அடுப்பு அணைஞ்சுபோச்சுன்னு உன் மெஷினே சொல்லிடுச்சு. அணைஞ்ச அடுப்ப ஊதினா வாய்தான்கா வலிக்கும்."

"நான்தானே உன்னக் கூட்டிட்டுப் போனேன். என்னத் திட்டுடா. திட்டிட்டு எழுந்திரு."

"உன்ன எதுக்குத் திட்டணும்? நான் கொடுத்த சரக்கு அப்படி." மெதுவாகத் திரும்பினான். பழைய கேலி லேசாக எட்டிப் பார்த்தது. "அந்தப் பய அன்னிக்கே வாடிப்போயிட்டான்கா. உங்க ஆஸ்பத்திரி கேட்டுல, அந்த வெயில்ல, மணிக்கணக்கா க்யூல நின்னானே."

"எவன்?"

"என் தொடைச்சதைதான். உன்னப் பாத்துட்டுப் போலாம்னு அன்னிக்கு வேன்ல நானும் கூட வந்தேன். என்ன உள்ள விடல. என் சதையையும் விடல. கேட்டுல பெட்டியத் திறந்து, ஆறு குப்பியையும் வெளிய எடுத்து, மேஜையில வரிசையா நிக்க வெச்சாங்க. என்னோடது மூணாவது. கையெழுத்து போடறவரு சாப்பிடப் போயிருக்காருன்னாங்க. நான் ஒரு மணி நேரம் பாத்துட்டுக் கிளம்பிட்டேன்."

"ஐஸ்ல தானே நிக்க வெச்சாங்க?"

"மேஜையிலன்னு சொல்றேன், ஐஸுங்கற."

பெட்டி தாமதமாக வருகிறது என்பது எனக்குத் தெரியும். ஐஸில் இருந்தால் ஐந்து மணி நேரம்வரை பொறுக்கலாம் என்று ஆய்வுத் திட்டத்திலேயே இருந்தது. ஒவ்வொரு பெட்டியையும் திறந்தவுடன் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தவள் நான். ஆறு பெட்டியிலும் நாலு டிகிரி. புத்தம்புது ஐஸ், ஒரு துண்டுகூட உருகாமல். அடடா, ஒழுங்காக அனுப்புகிறார்களே என்று பூரித்தும் போயிருக்கிறேன்.

மறுநாள் காலை நேரே கேட்டுக்குப் போனேன். தகரக் கூரை, ஜன்னலோரமாக ஒரு மேஜை, அதன்மேல் தடித்த ரிஜிஸ்டர். கேட் காவலாளி நல்ல மனிதர். பத்து வருஷமாக எனக்கு வணக்கம் சொல்லாமல் விட்டதில்லை.

"வெளிய இருந்து எது வந்தாலும் எண்ணி எழுதணும்க்கா," என்றார். "எண்ணினத மறுபடி பெட்டிக்குள்ள போட்டு மூடக் கூடாது. கையெழுத்து போடறவர் கண்ணால பாத்து எண்ணணும். அதுதான் ரூல்ஸ். ஸ்டோர் ஆபீசர் கையெழுத்து. அவரு பதினோரு மணிக்கு எழுந்தாருன்னா ரெண்டரைக்குதான் திரும்புவாரு."

"அப்புறம் எப்படி ஐஸ் அவ்வளவு புதுசா இருந்துச்சு?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஒத்திகைக்கு வந்த பெட்டியில ஐஸ் உருகியிருந்துச்சுன்னு போன்ல என்ன அந்தக் கத்து கத்தினீங்களே! அதுல இருந்து மேல அனுப்பறதுக்கு முன்னாடி கேன்டீன்ல இருந்து புது ஐஸ் எடுத்துட்டு வந்து நிரப்பிடுவேன். கால் மணி நேரம் குளிர வெச்சுதான் அனுப்புவேன். உங்ககிட்ட யாருக்கா திட்டு வாங்கறது?"

விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டே கிணற்றில் விழுந்திருக்கிறேன். ஐஸ், ஐஸ் என்று நான் போட்ட கூச்சல்தான் தப்பை மூடி மறைத்து, மேலே நாலு டிகிரியில் ஒரு சான்றிதழையும் ஒட்டி அனுப்பியிருக்கிறது. அந்த மனிதரை என்ன சொல்வது? அவர் நல்லதுதான் செய்தார்.

ரிஜிஸ்டரைப் புரட்டினேன். பொருள்: சதை. எண்ணிக்கை: 6. வந்த நேரம் 11.10. அனுமதித்த நேரம் 2.40. இப்படியே ஆறு பெட்டிக்கும், பத்து நிமிஷம் முன்னே பின்னே. குமாஸ்தாக்களின் சதைக்கு ஒரு வரிகூட இல்லை. அதை இரண்டாவது மாடியில் எடுத்து, லிஃப்டில் எட்டே நிமிஷத்தில் என் கையில் கொடுத்துவிடுவார்கள். அது கேட்டையே பார்த்ததில்லை. பன்னிரண்டு மணி ஆகட்டும் என்று காத்திருந்து, மேஜைமேல் தெர்மாமீட்டரை வைத்தேன். முப்பத்தெட்டு டிகிரி.

எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? உள்ளே வேலை செய்கிறவனின் சதைக்கு லிஃப்ட். வெளியே வண்டி ஓட்டுகிறவனின் சதைக்கு வெயில். முப்பத்தொரு பேரை ஒரே வீச்சில் கிழவர்களாக்கியது சர்க்கரையும் இல்லை, காலமும் இல்லை. ஓர் அதிகாரியின் மூன்றரை மணி நேரச் சாப்பாடு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

ரிஜிஸ்டரைக் கையிலேயே தூக்கிக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனேன். காவலாளி பின்னாலேயே, "அக்கா, அது கேட்ட விட்டு வெளிய போகக் கூடாதுக்கா" என்று லிஃப்ட்வரை வந்தார்.

பேராசிரியர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இங்க பாருங்கம்மா. சர்க்கரை வந்தா செல் சோர்ந்துபோகும்ங்கறது நாம புதுசா கண்டுபிடிச்சதில்ல. எத்தனையோ பேர் பாத்திருக்காங்க. நம்ம முடிவும் அதே பக்கம்தானே இருக்கு?"

"பக்கம் சரி சார். தூரம்? பத்தடி தள்ளி இருக்கறவன ஒரு மைல் தள்ளி இருக்கான்னு எழுதிட்டோமே."

"வெள்ளிக்கிழமை கம்பெனில இருந்து வர்றாங்க. அடுத்த ஆய்வுக்குக் கையெழுத்து ஆகப்போகுது. இப்ப போய் கேட், மேஜை, வெயில்னு சொன்னா எப்படி? ஆதாரம் வேணும்."

"ரிஜிஸ்டர் இருக்கே."

"அது தாமதத்துக்கு ஆதாரம். வெயில்ல வெச்சதாலதான் கெட்டுச்சுங்கறதுக்கு?"

நியாயமான கேள்விதான். அதைக் கேட்க வேண்டிய நேரத்தில் அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"என் தொடையில எடுங்க சார். ரெண்டாப் பிரிப்போம். பாதிய உடனே மெஷின்ல போடறேன். பாதிய கேட்டுல வைப்போம்."

"நீங்க சம்பந்தப்பட்டவங்க. டிரைவர்கள்ல ஒருத்தர் உங்க தம்பி. யாரும் ஒத்துக்க மாட்டாங்க."

"அப்போ சம்பந்தமே இல்லாத தொடை ஒண்ணு வேணும். சர்க்கரை இல்லாத தொடை. நல்லா எரியற அடுப்புன்னு ஊருக்கே தெரிஞ்ச தொடை." மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த படத்தைப் பார்த்தபடி சொன்னேன். "முப்பத்தெட்டு வயசுத் தொடை."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. ஒன்று சொல்ல வேண்டும், மனிதர் கோழையில்லை. மறுநாள் காலை பத்தரைக்கு இரண்டாவது மாடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

பாதி எட்டு நிமிஷத்தில் லிஃப்டில் வந்தது. மற்றப் பாதியைப் பெட்டியில் வைத்து, காம்பவுண்டைவிட்டு வெளியே கொண்டுபோய், கேட் வழியாகத் திரும்பவும் உள்ளே அனுப்பினேன். எப்போதும் என்ன செய்வீர்களோ அதையே செய்யுங்கள், ஒரு துளி கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம் என்று காவலாளியிடம் சொல்லியிருந்தேன். ஸ்டோர் ஆபீசரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் வழக்கம்போலச் சாப்பிடப் போனார். பொருள்: சதை. எண்ணிக்கை: 1. வந்த நேரம் 11.10. அனுமதித்த நேரம் 2.50. அன்று பத்து நிமிஷம் கூடுதலாகச் சாப்பிட்டிருக்கிறார். பெட்டி மேலே வந்தபோது நாலு டிகிரி, புது ஐஸ்.

முதல் பாதி: முப்பத்தொன்பது. கேட்டில் நின்ற பாதியின் கோடு இறங்குவதைப் பேராசிரியர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். இறங்கியது என்று சொல்வது மரியாதைக்காக. கணக்கு எண்பத்தொன்று என்றது.

"மறுபடி ஓட்டுங்க," என்றார். மிச்சமிருந்த நாரைப் போட்டு ஓட்டினேன். எண்பத்துமூன்று.

"உக்காருங்க சார்," என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன். "வயசானவங்க ரொம்ப நேரம் நிக்கக் கூடாது."

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை.

வெள்ளிக்கிழமை கம்பெனியின் மேலாளர் வந்தார். மெஷினைக் காட்டுவதற்காக என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சதைகள் வெளியே வெயிலில் இருந்துவிட்டன, முடிவுகளை நம்ப வேண்டாம், எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டும் என்று பேராசிரியர் மறைக்காமல் சொல்லிவிட்டார். மேலாளர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"தாராளமா எடுங்க. புது ரிப்போர்ட் வரட்டும், பாக்கலாம். அதுவரைக்கும் போட்ட ஆர்டர் அப்படியே இருக்கட்டும். பயணிகள் பாதுகாப்பு, இல்லையா?"

என் வாய் என்னைக் கேட்டுக்கொண்டா திறக்கிறது? "தப்பான ரிப்போர்ட்ட நம்பி பதினஞ்சு நாள்ல இறக்கி விட்டீங்க. தப்புன்னு தெரிஞ்சதும் பதினஞ்சு நிமிஷத்துல ஏத்தி விட வேண்டாமா? அந்த முப்பத்தொரு பேர்ல ஒருத்தர் வண்டிய எங்கயாவது இடிச்சிருக்காரா? ஒரு புகார் காட்டுங்க சார்."

மேலாளர் என்னைப் பார்க்கவில்லை. பேராசிரியரைப் பார்த்து, "இவங்க?" என்றார்.

"நம்ம டெக்னீஷியன்," என்றார் பேராசிரியர்.

அதோடு முடிந்தது. பொய்க்குக் கையெழுத்துப் போட ஒரு நாள் போதுமாம், அதை அழிக்க மாதக்கணக்கு வேண்டுமாம்.

அன்று சாயங்காலமே மேல்வீட்டுக்கு ஓடினேன். எண்பத்தொன்று கதையைச் சொன்னதும் தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தம்பியும் சிரித்தான். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"நீ என் அக்கா. நல்லா இருக்கடான்னுதான் சொல்லுவ," என்றான். "அன்னிக்குத் தாள்ல போட்டுக் கொடுத்தாங்க இல்ல? மறுபடி தாள்ல வரட்டும்."

"நான் சொல்றத விட அந்தத் தாள் பெருசாடா?"

"என்ன வண்டிய விட்டு இறக்கினது தாள்தானேக்கா."

அவன் பகலெல்லாம் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். தான் ஓட்டிய வண்டியை வேறொருவன் கியர் அரைபட எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்தான், வீட்டுக்கு வந்தான், படுத்தான். இன்சுலின் ஊசி போடும்படி ஆயிற்று.

குளிர்பெட்டிகளைக் கேட்டில் திறக்கக் கூடாது என்று ஓர் உத்தரவு வாங்க எனக்கு ஆறு வாரம் பிடித்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்கிற கதையாக, டைரக்டரே கையெழுத்துப் போட்டுவிட்டார், ஸ்டோர் ஆபீசர் போடவில்லை. என்ன உள்ளே வருகிறது என்று பார்க்காமல் எப்படி அனுமதிப்பது என்று கேட்டார். நீங்கள் பார்த்தது போதும் என்றேன். புகார் எழுதினார். எழுதட்டும். உத்தரவு வந்தபிறகும் எனக்கு நம்பிக்கையில்லை. ஒவ்வொரு பெட்டி வருகிற நாளும் நானே கேட்டில் போய் நின்று, மூடிமேல் கையை வைத்தபடி உள்ளே கொண்டுவந்தேன். கேட்டிலிருந்து மெஷினுக்குப் பதினொரு நிமிஷம்.

கடைசிப் பெட்டியில் தம்பியின் சதை இருந்தது. முதல் உறை வந்து நாலு மாதத்துக்குமேல் ஆகிவிட்டது. நாரைக் குழியில் போட்டு மூடிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருபத்தாறு வருஷத்தில் ஒரு கோட்டுக்காக நான் அழுததில்லை. அன்று அழுதேன். கோடு இறங்கியது. குமாஸ்தாக்களுடையதைப் போல விறுவிறுவென்று இல்லை, ஆனால் நிற்காமல் இறங்கியது.

புது அறிக்கையில் பேராசிரியர் செல் வயது என்ற சொல்லையே எடுத்துவிட்டார். டிரைவர்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் வித்தியாசம் உண்டு, ஆனால் சிறியது என்று எழுதினார். விடாமல் நடக்கிற டிரைவர்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் அதுவும் அனேகமாக இல்லை. முப்பத்தொரு பேருக்கும் ஸ்டியரிங் திரும்பக் கிடைத்தது. வருத்தம் தெரிவித்து ஒரு வரி எந்தத் தாளிலும் இல்லை.

தாளை நானே மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். தம்பி ஜன்னலோரம் போய் எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"இதுல வயசே போடலையே?"

"அந்தக் கணக்கத் தூக்கிட்டாங்கடா. அப்படி ஒரு வயசே கெடையாது."

"அது எனக்குத் தெரியாது. போன தடவ வயசுல சொன்னீங்க, இந்தத் தடவையும் வயசுல சொல்லு. டெப்போவுல கேப்பானுங்க இல்ல."

சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் நான் ஏற்கனவே கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன், அது என் முகத்திலேயே தெரிந்திருக்கும்.

"அம்பத்தஞ்சு."

அவன் கையைத் தட்டினான். "ஏய், கேட்டியா? ஒரே நாள்ல இருபத்தோரு வயசு குறைஞ்சுட்டேன்!" என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினான். நாலு மாதம் கழித்து அன்றுதான் ஹாரன் மறுபடி கேட்டது. தம்பி மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

எனக்கு மட்டும் கணக்கு வேறு மாதிரி ஓடியது. நாற்பத்தேழுக்கும் ஐம்பத்தைந்துக்கும் நடுவே எட்டு வருஷம் இருக்கிறது. முதல் பெட்டி வெயிலில் நிற்காமல் நேரே மேலே வந்திருந்தால், தினமும் ஐந்தரைக்கு என் ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தவனின் கோடு எங்கே நின்றிருக்கும்? நாற்பத்தொன்பதிலா, ஐம்பதிலா? அந்த எட்டில் சர்க்கரை தின்றது எத்தனை, நாலு மாதப் படுக்கை தின்றது எத்தனை, ஒரு தாளை நம்பியது தின்றது எத்தனை என்று பிரித்துச் சொல்ல என் மெஷினுக்குத் தெரியாது. இனி யாராலும் அதை அளக்க முடியாது. ஸ்டோர் ஆபீசர் இன்றும் பதினோரு மணிக்குத்தான் எழுந்து போகிறார்.

"ஷூவ மாட்டுடா," என்றேன்.

"இப்பவா? நாளைக்குக் காலைல போறேன்கா."

"இப்பவே. என் கண்ணு முன்னாடி."

அவன் குனிந்தான். கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி ஷூவை இழுத்தான். வெளுத்த நீலம், இடது பக்கம் குதிகால் தேய்ந்தது. உள்ளே நாலு மாதத் தூசி இருந்தது. வாங்கி, சுவரில் ஓங்கி ஓங்கித் தட்டினேன். சுண்ணாம்பு உதிர்கிறது அண்ணி, போதும் என்று தம்பி மனைவி சொல்லும்வரை தட்டினேன்.